தகட்டுக்குப் பெயர் இருக்கு, இறகுக்கு இல்லை

இந்தக் கட்டுரை ஒரு சேவல் இறகைப் பற்றியது. வீட்டில் செய்த ஒரு தூண்டில் இரையின் வாலில், மூன்று முனைக் கொளுக்கியைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிற ஒரு சின்ன இறகு. மீன் பிடிக்கிறவர்கள் அதைப் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள். கடையில் வாங்குகிறவர்கள் கண் வைப்பது முன்னால் மினுங்குகிற தகட்டில்தான். ஆனால் அந்த இறகை முதலில் யார் கட்டினார், யாரிடம் யார் பழகினார், இப்ப உலகத்தில் யார் கட்டுகிறார் எண்டு கேட்டுக்கொண்டு போனால், கண்டுபிடிப்புகளின் வரலாற்றை நாங்கள் எப்படி எழுதி வைத்திருக்கிறோம் என்கிற கேள்வியில் போய் நிற்கிறோம். வரலாறு படிக்கிற ஒரு ஆள் தூண்டிலைப் பற்றி எழுதுவதற்கு அதுதான் காரணம்.

பொருளை முதலில் பார்ப்போம்

ஸ்பின்னர் என்பது ஒரு பொய்யிரை. நேரான ஒரு மெல்லிய எஃகுக் கம்பி. அதன் மேல் முனையில் நூல் கட்ட ஒரு வளையம், கீழ் முனையில் கொளுக்கி மாட்ட இன்னொரு வளையம். நடுவில் கம்பியில் கோர்த்த பித்தளை மணிகளோ ஈயத் துண்டோ இருக்கும். அதுதான் உடம்பு, எறிவதற்கான பாரமும் அதுதான். உடம்புக்கு மேலே, வளைந்த ஒரு சின்னத் துண்டில் தொங்கிக்கொண்டு ஒரு உலோகத் தகடு. அந்தத் துண்டை கிளெவிஸ் என்பார்கள். இரையைத் தண்ணீருக்குள் இழுத்தால் தகடு கம்பியைச் சுற்றிச் சுழலும். வட்டமான தகடு அகலமாக, மெதுவாகச் சுற்றும். இலை போல நீண்ட தகடு கம்பியோடு ஒட்டிக்கொண்டு வேகமாகச் சுற்றும். அந்த மினுக்கமும் அதிர்வும் பெரிய மீனுக்கு ஒரு சின்ன மீன் ஓடுவது போல இருக்கும்.

இதை வீட்டில் செய்ய பெரிய பட்டறை தேவையில்லை. வட்ட மூக்குக் குறடு, கம்பி, மணிகள், கிளெவிஸ், தகடு, கொளுக்கி இருந்தால் போதும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கனபேர் இதைக் குளிர்கால மாலை வேலையாகச் செய்கிறார்கள். கம்பியை வளைக்கிறது ஒரு மணித்தியாலத்தில் கைக்கு வந்துவிடும். இறகு கட்டுகிறதுதான் பழக நாளெடுக்கிற வேலை.

கொளுக்கியைக் கம்பியில் மாட்டுவதற்கு முன்பே இறகைக் கட்டிவிட வேண்டும். மூன்று முனைகளில் ஒன்றை இடுக்கியில் இறுக்கிப் பிடித்து, காதுக்குக் கீழே தண்டில் நூலைச் சுற்றி ஒரு அடித்தளம் போடுவார்கள். பிறகு சேவலின் கழுத்திலோ முதுகின் பின்பக்கத்திலோ இருந்து எடுத்த நீண்ட இறகு ஒன்றை எடுத்து, அடியிலுள்ள பஞ்சை உருவிவிட்டு, நூலால் தண்டோடு கட்டுவார்கள். இறகின் நடு நரம்பைப் பிடித்துக்கொண்டு தண்டைச் சுற்றி மூன்று நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இறகின் மயிர்களை விரலால் பின்பக்கம் தடவிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சுற்றுக்குள் அகப்பட்டு நசிந்துவிடும். சுற்றி முடிந்ததும் நுனியை நூலால் அமத்திக் கட்டி, மிச்சத்தை வெட்டி, நூலைத் தனக்குள்ளேயே புதைத்து முடிச்சுப் போட்டு, மேலே ஒரு சொட்டுப் பசை. பசை இல்லாதவர்கள் நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸைப் பூசுவார்கள். அதுவும் நல்லாப் பிடிக்கும்.

இறகு அங்கே என்ன செய்கிறது? முதலில் கொளுக்கியை மறைக்கிறது. தகட்டுக்குப் பின்னால் ஒரு உடம்பும் வாலும் இருப்பது போன்ற உருவத்தைக் கொடுக்கிறது. தண்ணீரில் நனைந்ததும் மயிர்கள் ஒடுங்கும். இழுப்பதை ஒரு கணம் நிறுத்தினால் விரியும். திரும்ப இழுத்தால் ஒடுங்கும். தகடு நிற்கிற நேரத்திலும் இரைக்கு உயிர் இருப்பது போலத் தெரிவது இதால்தான். ஆனால் அளவு தவறினால் கெட்டுப்போகும். இறகைக் கூடுதலாகச் சுற்றினால் இழுவை கூடி, தகடு சுழலத் தொடங்கவே மறுக்கும். இறகு நீண்டால் மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகும். எத்தனை சுற்று, எவ்வளவு நீளம் என்பதை எழுதி வைக்கலாம். மயிரைத் தடவிவிடுகிற விரலின் அழுத்தத்தை எழுதி வைக்க ஏலாது.

ஆக இந்தப் பொருளுக்குள்ளே இரண்டு தொழில்கள் இருக்கின்றன. முன்பாதி உலோகம், பின்பாதி இறகு. புத்தகங்களில் நாங்கள் வாசிக்கிற வரலாறு பெரும்பாலும் முன்பாதியினுடையது.

உலோகத்தின் வரலாறு

அது தெளிவான வரலாறு. ஆட்களின் பெயர் இருக்கு, ஆண்டு இருக்கு, ஊர் இருக்கு. அமெரிக்காவின் வெர்மண்டைச் சேர்ந்த ஜூலியோ புயெல் என்பவர் வள்ளத்தில் இருந்து சாப்பிடும்போது கரண்டியைத் தண்ணீருக்குள் தவறவிட்டாராம். மினுங்கிக்கொண்டு இறங்கிய கரண்டியை ஒரு மீன் வந்து கவ்வியதாம். உடனே கரண்டியின் காம்பை வெட்டி, கொளுக்கி பொருத்தினார் என்பது கதை. கதை எப்படியோ, 1852ல் அவர் பெயரில் காப்புரிமை இருக்கு. நியூ யோர்க் மாநிலத்தின் வைற்ஹோல் என்கிற ஊரில் அவருடைய தொழில் நடந்தது. பிறகு 1870களில் அதே மாநிலத்தின் கிளேட்டனில், சென் லோரன்ஸ் ஆற்றங்கரையில், ஸ்கின்னர் என்பவர் வரிகள் விழுந்த தகடுகளைச் செய்து காப்புரிமை எடுத்தார். 1899ல் இண்டியானாவின் லோகன்ஸ்போர்ட்டில் ஜோன் ஹில்டிபிராண்ட் ஒரு பத்துச் சத நாணயத்தைத் தட்டி முதல் தகட்டைச் செய்தார் என்று அவருடைய கம்பனியின் கதை சொல்லும். 1938ல் பிரான்சில் அன்ட்ரே மெல்நார் என்கிற பொறியியலாளர் மெப்ஸ் ஸ்பின்னரை உருவாக்கினார். இன்றைக்கு உலகத்தில் அதிகம் தெரிந்த ஸ்பின்னர் அதுதான்.

நாலு பேர், நாலு ஊர். வரிசையாக அடுக்கினால் ஒரு பரீட்சை விடை மாதிரியே இருக்கு. ஆனால் புயெல், ஸ்கின்னர் காலத்துப் பழைய இரைகளைச் சேகரிக்கிறவர்களிடம் பார்த்தால், அவற்றின் கொளுக்கிகளில் இறகு கட்டியிருப்பது தெரியும். தகடு எவ்வளவு பழையதோ, அதோடு வந்த இறகும் அவ்வளவு பழையது. தகட்டின் மேல் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். இறகைக் கட்டியவரின் பெயர் எங்கேயும் இல்லை.

இதுக்கு ஒரு எளிமையான காரணம் இருக்கு. காப்புரிமை அலுவலகம் புதிய வடிவத்துக்குத்தான் சான்றிதழ் கொடுக்கும். தகட்டின் வளைவு, கிளெவிஸின் அமைப்பு எல்லாவற்றையும் வரைபடமாக வரைந்து கொடுக்கலாம். கொளுக்கியில் இறகைச் சுற்றுவதற்கு யாரும் உரிமை கோர முடியாது. ஏனென்றால் அது அவர்கள் எல்லோருக்கும் முன்னமே இருந்தது. எவ்வளவு காலம் முன்னமே என்பதுதான் ஆச்சரியம்.

இறகின் வரலாறு

கிரேக்க மொழியில் எழுதிய ரோமரான ஏலியன், கி.பி. 200ஐ அண்டிய காலத்தில் விலங்குகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் மாசிடோனியாவில் அஸ்ட்ரேயஸ் என்கிற ஆற்றில் புள்ளி விழுந்த மீன்களைப் பிடிக்கிற முறை ஒன்றைத் தான் கேள்விப்பட்டதாகச் சொல்கிறார். அந்த மீன்கள் ஆற்றின் மேல் பறக்கிற ஒரு பூச்சியைத் தின்னும். அந்தப் பூச்சியைக் கையால் பிடித்துக் கொளுக்கியில் குத்தினால் அதன் நிறம் கெட்டுவிடும். அதனால் அங்கத்தைய ஆட்கள் கொளுக்கியைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி, அதன் மேல் சேவலின் தாடிக்குக் கீழே வளர்கிற, மெழுகு நிறமான இரண்டு இறகுகளைப் பொருத்துவார்கள். பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு எழுத்தாளர் கேள்விப்பட்டு எழுதும் அளவுக்கு அது ஏற்கெனவே ஒரு பழகிய தொழில். ஏலியனின் பெயர் எங்களுக்குத் தெரியும். கட்டியவர்கள் வெறும் 'மாசிடோனியர்கள்'.

1496ல் இங்கிலாந்தில் விங்கின் டி வேர்ட் என்கிற அச்சகர் தூண்டில் பற்றிய ஒரு சிறு நூலை அச்சிட்டார். ஆங்கிலத்தில் அச்சான முதல் தூண்டில் நூல் அது. பன்னிரண்டு பொய் ஈக்களை எந்த மாதத்தில் எதைக் கட்டுவது என்று அது பட்டியலிடுகிறது. காயடித்த சேவலின் சிவப்புக் கழுத்திறகு அந்தப் பட்டியலிலும் வருகிறது. நூலை எழுதியவர் ஜூலியானா பேர்னர்ஸ் என்கிற கன்னியாஸ்திரி என்று மரபாகச் சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பது ஆய்வாளர்களின் கருத்து. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேற: ஒரு பெண் எழுதியிருப்பாளா என்று நூறு தடவை சந்தேகித்தவர்கள், புயெலின் கரண்டி விழுந்த கதையைச் சிரித்துக்கொண்டே திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள்.

ஸ்பெயினின் லெயோன் மலைப்பகுதியில் இந்த இறகுக்காகவே சேவல் வளர்க்கிற கிராமங்கள் உண்டு. 1624ஆம் ஆண்டைச் சேர்ந்த அஸ்தோர்கா கையெழுத்துப் படி என்ற ஒரு ஆவணம், அங்கே இறகால் ஈ கட்டுகிற முறைகளை விவரிக்கிறது. அங்கே இன்றும் சேவலைக் கொல்லாமல் வருடத்துக்குச் சில தடவை இறகைப் பிடுங்குகிறார்கள். அந்தச் சேவல்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் இறகின் மினுக்கம் போய்விடும் என்று அந்த ஊரார் நம்புகிறார்கள். உயிரோடு பிடுங்குவது சேவலுக்கு என்ன சுகம் எண்டு கேட்டால் நியாயம்தான். இறகின் வரலாற்றை வடிவான கைவினை வரலாறாக மட்டும் எழுத ஏலாது என்பதை அந்தக் கேள்வி ஞாபகப்படுத்துகிறது.

அப்ப மினுக்கத்தையும் இறகையும் ஒன்றாகச் சேர்த்தது அமெரிக்கர்கள்தானா? அதுவும் இல்லை. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் கஹவாய் என்கிற கடல் மீனைப் பிடிக்க 'பா கஹவாய்' என்ற ஒரு இரையைச் செய்தார்கள். மரத்தண்டின் உட்பக்கத்தில் பாவா என்கிற சிப்பியின் நீலப்பச்சை ஓடு பதித்திருக்கும். அதில் எலும்பாலான கொளுக்கி முனை. வாலில் கிவிப் பறவையின் இறகு. ஓடத்துக்குப் பின்னால் நூலில் இழுத்துக்கொண்டு போவார்கள். சிப்பி மினுங்கும், இறகு அசையும். பசிபிக்கின் மற்றத் தீவுகளிலும் முத்துச்சிப்பி ஓட்டில் செய்த கொளுக்கிகளின் வாலில் இறகோ மிருக மயிரோ கட்டியிருப்பார்கள். முன்னால் மினுக்கம், பின்னால் இறகு என்கிற முழு யோசனையும் அங்கே இருக்கு. அருங்காட்சியகங்களில் இவை 'இனவியல்' பகுதியில் இருக்கும். புயெலின் கரண்டி 'கண்டுபிடிப்பு' என்ற தலைப்பின் கீழ் வரும். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

கட்டிய கைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறகு கட்டுகிறது ஊதியத் தொழிலானபோது, அந்த மேசைகளில் அதிகம் பெண்கள்தான் இருந்தார்கள். வெர்மண்டின் மன்செஸ்டர் ஊரில் ஓர்விஸ் கம்பனியின் ஈ கட்டும் பகுதியை நடத்தியவர் உரிமையாளரின் மகள் மேரி ஓர்விஸ் மார்பரி. அந்தக் காலத்தில் ஒரே ஈக்கு ஊருக்கு ஒரு பெயர் இருந்தது. வாடிக்கையாளர் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால் எது வேணும் என்றே தெரியாது. மேரி நாடு முழுவதும் உள்ள மீன்பிடிகாரர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, வடிவங்களையும் பெயர்களையும் ஒழுங்குபடுத்தி 1892ல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். அவருடைய பெயர் எஞ்சியது அந்த நூலால். அவரோடு மேசையில் இருந்து கட்டிய மற்றப் பெண்களின் பெயர்களுக்கு அப்படி ஒரு நூல் கிடைக்கவில்லை.

மேய்ன் மாநிலத்தில் கரி ஸ்டீவன்ஸ் என்றொரு பெண். தொப்பி செய்கிற தொழில் தெரிந்தவர். அதாவது இறகைக் கையாளத் தெரிந்தவர். 1924 ஜூலை 1ஆம் திகதி தான் புதிதாகக் கட்டிய ஒரு நீண்ட இறகு இரையால் ஏழு இறாத்தலுக்குக் கொஞ்சம் குறைவான மீன் ஒன்றைப் பிடித்தார். ஒரு சஞ்சிகைப் போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. அதுக்குப் பிறகு அவருடைய இரைகளுக்கு ஓடர் வந்து குவிந்தது. இடுக்கி இல்லாமல், கொளுக்கியை விரலில் பிடித்துக்கொண்டே கட்டுவார். ஸ்கொட்லாந்தில் மேகன் பொய்ட் என்கிற பெண் பல பத்தாண்டுகளாகச் சமன் மீனுக்கான ஈக்களைக் கட்டினார். அரச குடும்பத்துக்கும் அவருடைய ஈக்கள் போயின. 1971ல் அரச பதக்கம் கொடுத்தார்கள். அவருக்கு மீன் பிடிக்கிறதில் விருப்பமே இல்லை. பிடிப்பவர் வேறு, கட்டுபவர் வேறு என்கிற பிரிவினை இதைவிடத் தெளிவாக எங்கே தெரியும்?

தொப்பி என்றதும் இன்னொரு விஷயம். அதே காலத்தில் பெண்களின் தொப்பிக்காக உலகம் முழுக்கப் பறவைகள் கொல்லப்பட்டன. அதற்கு எதிராகப் போராடியவர்களிலும் பெண்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். இங்கிலாந்தில் 1889ல் எமிலி வில்லியம்சன் தொடங்கிய குழுவிலிருந்துதான் இன்றைய பெரிய பறவைகள் பாதுகாப்புச் சங்கம் வளர்ந்தது. இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் 1921ல் வந்தது. அந்தச் சட்டம் இழுபட்டபோது, பெண்களின் அலங்கார ஆசைதான் எல்லாத்துக்கும் காரணம் என்று ஒரு பத்திரிகையாளர் எழுத, வேர்ஜினியா வூல்ஃப் 1920ல் பதில் எழுதினார். பறவையைச் சுடுகிறவர்களும் விற்கிறவர்களும் சட்டத்தைத் தாமதப்படுத்துகிற நாடாளுமன்றமும் ஆண்கள் அல்லவா என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

அந்த வாதத்தில் மீன்பிடியையும் சேர்த்திருக்கலாம். விக்டோரியா காலத்துச் சமன் ஈக்களுக்கு அமெரிக்கக் கண்டங்களின் மக்கோ கிளி, சீனத்தின் பொன் பெசன்ற் என்று உலகத்தின் பாதிப் பறவைகள் தேவைப்பட்டன. எங்களுக்குப் பக்கத்தில் இருந்தும் ஒரு பறவை போனது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்கிற சாம்பல் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்திறகுகளில் மெழுகு வைத்தது போல வெள்ளையும் மஞ்சளுமான புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளி ஈயின் பக்கத்தில் ஒரு மீன் கண்ணாக நிற்கும். அதுக்காகத் தென்னிந்தியக் காட்டுச் சேவல்களின் கழுத்துத் தோல்கள் கட்டுக்கட்டாகக் கப்பலேறின. இந்தியாவின் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அந்தப் பறவையைப் பாதுகாக்கிறது. இப்ப ஐரோப்பாவில் அதைப் பண்ணையில் வளர்த்து இறகு எடுக்கிறார்கள். இலங்கைக் காட்டுக்கோழிக்கு அந்த மெழுகுப் புள்ளி இல்லை. எங்கட தேசியப் பறவை தப்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த மோகம் முடிந்துபோன பழங்கதை இல்லை. 2009ல் லண்டனுக்கு அருகில் ட்ரிங் அருங்காட்சியகத்துக்குள் இரவில் புகுந்த ஒரு இசைக்கல்லூரி மாணவர், 299 பறவைத் தோல்களைத் திருடினார். சில தோல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயற்கையியலாளர் அல்ஃபிரட் ரஸல் வொலஸ் சேகரித்தவை. நோக்கம் சமன் ஈ கட்டுகிறவர்களுக்கு விற்பது.

திரும்ப ஸ்பின்னருக்கு

மெப்ஸ் எப்படி அமெரிக்காவுக்கு வந்தது என்பதற்குக் கம்பனியே சொல்லும் ஒரு கதை இருக்கு. விஸ்கொன்சின் மாநிலத்தின் அன்டிகோ ஊரில் மீன்பிடிச் சாமான் கடை வைத்திருந்த டொட் ஷெல்டன், 1951ல் வுல்ஃப் ஆற்றில் ஒரு மெப்ஸைக் கட்டி எறிந்து இரண்டு மணித்தியாலத்தில் நாலு பெரிய ட்ரவுட் பிடித்தார். அந்த இரை, போர் முடிந்து ஐரோப்பாவிலிருந்து திரும்பிய ஒரு படைவீரர் கொடுத்தது. மேலும் வேணும் என்றபோது, பிரான்சில் இருந்த ஒரு பெண்ணுக்கு நைலோன் காலுறைகளை அனுப்பி, பதிலுக்கு ஸ்பின்னர்களை வாங்கினார். ஒரு ஆள் எத்தனை காலுறைதான் போடுவது? அவருக்குத் தேவை முடிந்ததும் ஷெல்டன் மெல்நாரோடு நேரடியாக வியாபாரம் தொடங்கினார். இந்தக் கதையில் அந்தப் பெண் 'ஒரு பிரெஞ்சுப் பெண்' மட்டும்தான்.

அதே கம்பனியின் இன்னொரு கதை 1960களில் நடக்கிறது. அதே ஆற்றில் ஒரு பொடியன் மற்ற எல்லாரையும்விடக் கூட மீன் பிடித்துக்கொண்டிருந்தானாம். அவன் இரையைப் பார்த்தால், கடையில் வாங்கிய மெப்ஸின் கொளுக்கியில் ஒரு அணில் வால் மயிரைக் கட்டியிருந்தான். அதுக்குப் பிறகு கம்பனியே கொளுக்கிகளில் அணில் வால் கட்டத் தொடங்கியது. இன்றும் வேட்டைக்காரர்களிடம் அணில் வால்களை விலைக்கு வாங்குகிறது. இறகின் இடத்தில் மயிர், அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டில் யாரோ கட்டியது தொழிற்சாலைக்குள் போனது. பொடியனுக்கும் பெயர் இல்லை.

வொஷிங்டன் மாநிலத்தில் செய்யப்படும் ரூஸ்டர் டெயில் என்ற ஸ்பின்னருக்கு அந்தப் பெயரே வாலில் சுற்றிய இறகால் வந்தது. பெயரின் பொருள் சேவல் வால். இறகுக்குக் கிடைத்த அபூர்வமான ஒரு அங்கீகாரம் இது. அதுவும் சேவலுக்குக் கிடைத்தது, கட்டியவருக்கு இல்லை.

இறகின் பொருளாதாரமும் மாறியது. 1970களிலிருந்து அமெரிக்காவில் இறகுக்காகவே தெரிந்தெடுத்து இனவிருத்தி செய்த சேவல்களைப் பண்ணைகளில் வளர்க்கத் தொடங்கினார்கள். அவற்றின் இறகு ஒரு அடிக்குக் கிட்ட நீண்டு, மயிர் விறைப்பாக, ஒரே அளவாக இருக்கும். 2011ல் இளம் பெண்கள் அதே நீண்ட இறகுகளைத் தலைமயிரில் கோர்க்கும் நாகரிகம் பரவியது. கடைகளில் இறகு தீர்ந்தது, விலை பல மடங்கு ஏறியது, மீன்பிடிகாரர்கள் புறுபுறுத்தார்கள். நூறு வருடத்துக்கு முன்னர் நடந்த தொப்பிச் சண்டையின் சின்ன மறுபதிப்பு மாதிரி.

வீட்டில் ஸ்பின்னர் கட்டுகிறவருக்கு அந்த விலை தேவையில்லை. விறைப்பான இறகு தண்ணீரின் மேல் மிதக்கிற ஈக்குத்தான் வேணும். ஸ்பின்னர் தண்ணீருக்குள்ளே போவது. அதுக்கு நனைந்து அசைகிற மென்மையான இறகுதான் நல்லது. அது எந்த வளவுச் சேவலின் முதுகிலும் இருக்கு. பண்ணைகள் கழிக்கிற இறகே இங்கே முதல் தரம். இந்தப் பின்பாதி இன்னும் மலிவாக, யாருடைய காப்புரிமைக்குள்ளும் போகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

'வீட்டில் செய்தது' என்றால்

வீட்டில் செய்தது என்றதும் தூய கைவினை என்று புல்லரிக்கத் தேவையில்லை. இன்றைக்கு ஒருவர் வீட்டில் கட்டுகிற ஸ்பின்னரின் தகடு ஏதோவொரு தொழிற்சாலையில் அச்சடிக்கப்பட்டது. கொளுக்கியும் அப்படித்தான். சாயம் போட்டுக் கோர்த்து விற்கிற இறகும் யாரோ தரம் பிரித்துக் கோர்த்தது. வீட்டு மேசையில் நடப்பது கடைசிக் கட்டம் மட்டும்தான். ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு விசேஷம் இருக்கு: கம்பியை வளைத்தவரே இறகைக் கட்டி, அவரே எறிந்தும் பார்க்கிறார். தகடு சுழல மறுத்தால் இறகைக் குறைக்க வேணும் என்பது அவருக்கு அடுத்த எறிதலிலேயே விளங்கும். தொழிற்சாலையில் கட்டுகிறவருக்கு அது விளங்குவதற்கு வழியில்லை. அவர் கட்டிய இரை எந்த ஆற்றில் விழுகிறது என்று அவருக்குத் தெரியாது.

அந்தத் தொழிற்சாலைகள் எங்கே இருக்கின்றன? இங்கேதான் கதை எங்கட வாசலுக்கு வருகிறது. உலகச் சந்தைக்குப் போகிற கையால் கட்டிய ஈக்களில் பெரும் பகுதி கென்யாவிலும் தாய்லாந்திலும் இலங்கையிலும் கட்டப்படுகிறது. ஆம், இலங்கையில். ஆடைத் தொழிற்சாலைகளைப் பற்றி நாங்கள் கதைக்கிறோம், கவிதை எழுதுகிறோம். அதே ஏற்றுமதிப் பொருளாதாரத்துக்குள்ளே, அமெரிக்க ஆறுகளின் ட்ரவுட் மீனுக்காகச் சேவல் இறகைக் கொளுக்கியில் சுற்றுகிற பெண்களும் இருக்கிறார்கள் என்பது கனபேருக்குத் தெரியாது. எங்கட மலைநாட்டு ஓடைகளிலும் ட்ரவுட் உண்டு. வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்டவை. மீனும் வெளியிலிருந்து வந்தது, கட்டுகிற வேலையும் வெளியிலிருந்து வந்தது. கட்டுகிறவர் பிடிக்கிறவராக ஆவதில்லை.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கு. புதிய ஈ வடிவம் ஒன்றை உருவாக்கிய அமெரிக்க வடிவமைப்பாளருக்குப் பெரிய கம்பனிகள் விற்பனையில் ஒரு பங்கைக் கொடுக்கின்றன. விலைப்பட்டியலில் அவருடைய பெயரையும் போடுகின்றன. அது சரியான காரியம்தான். இறகுக்கும் ஒரு வழியாகப் பெயர் வரத் தொடங்கிவிட்டது என்று சந்தோஷப்படலாம். ஆனால் அந்தப் பெயர் யோசித்தவருக்கு உரியது; ஒரே வடிவத்தை ஒரு டசின், இன்னொரு டசின் என்று ஒரே அளவாகச் சுற்றிய விரலுக்கு உரியது இல்லை. 1852ல் தகட்டுக்கும் இறகுக்கும் இடையில் இருந்த கோடு, இப்ப வடிவத்துக்கும் கைக்கும் இடையில் நகர்ந்திருக்கு.

ஆவணம் இல்லாதவர்களின் வரலாற்றை எழுத ஏலாது என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். இந்த இறகைப் பார்த்தபிறகு அதை நான் பாதிதான் ஏற்பேன். மாசிடோனியாவின் ஆற்றங்கரை ஆளும் மாவோரி ஓடக்காரரும் மன்செஸ்டரின் மேசைப் பெண்களும் பெயரை விட்டுவிட்டுப் போகவில்லை. ஆனால் கட்டிய முறையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கொளுக்கியில் கட்டி, மயிரைப் பின்னால் தடவி, நூலைப் புதைத்து முடிக்கிற ஒவ்வொருவரும் அந்தப் படிகளைத் திரும்ப எழுதுகிறார்கள். பழைய இரை ஒன்றின் நூலை அவிழ்த்துப் பார்த்தால் எந்தப் பக்கம் சுற்றினார், எத்தனை சுற்று, எங்கே இறுக்கினார் என்பது தெரியும். அதுவும் ஒரு ஆவணம்தான், வாசிக்கப் பழக வேணும்.

இறந்தவர்களிடம் பெயர் கேட்க முடியாது. இன்றைக்கு இதே தீவில் கட்டிக்கொண்டிருக்கிறவர்களிடம் கேட்கலாம். எங்கட பல்கலைக்கழகங்களில் தோட்டத்தைப் பற்றி, தையல் ஆலையைப் பற்றி ஆய்வேடுகள் வந்திருக்கின்றன. இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிற யாராவது இதை வாசித்தால், ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தப் பெண்களில் ஒருவரைச் சந்தித்து, முதல் கேள்வியாக அவருடைய பெயரைக் கேளுங்கள். இரண்டாவது கேள்வியாக, இறகை எத்தனை சுற்றுச் சுற்றுவீர்கள் என்று கேளுங்கள்.